வாத்துக்கடையின் வியாழக்கிழமை

தவமலர் இரண்டு பேருக்கும் ஓமென்று சொல்லியிருந்தாள். இப்போது அந்த இரண்டு பேரும் நகரசபையின் மேல்மாடி மண்டபத்தில், ஒருவர் அவளுக்கு வலது பக்கமும் மற்றவர் இடது பக்கமுமாக உட்கார்ந்து, இவள் எங்கள் ஆள் என்ற தெம்பில் ஆளுக்கொரு தரம் அவளைப் பார்த்துச் சிரித்தும் விட்டார்கள். அவளும் இரண்டு பக்கமும் திரும்பிச் சிரித்தாள். வேறென்ன செய்வது. முன்னால் நீள மேசை, அதற்குப் பின்னால் மூன்று உறுப்பினர்கள், நடுவில் இருந்த தலைவியம்மா கழுத்துச் சங்கிலியில் தொங்கிய மூக்குக்கண்ணாடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். விஷயம் இவ்வளவுதான்: தவமலரின் வீட்டுச் சுவரோடு ஒட்டிய பப், இரவு பதினொரு மணிக்குப் பூட்டுகிறது, இனிமேல் வியாழன், வெள்ளி, சனியில் ஒரு மணி வரை திறந்து வைக்கவும், பாட்டுக் குழுக்களைக் கூப்பிட்டு வாசிக்கவும் அனுமதி வேண்டுமாம். லண்டனுக்கு வெளியே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பப்புக்கு ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர். பலகையில் வாத்துப் படம் இருந்ததால் தெருத் தமிழர்களுக்கு அது வாத்துக்கடை. கடைக்காரர் டெரன்ஸ் இடது பக்கம். எதிர்ப்பவர்களின் தலைவி பவளக்கா வலது பக்கம். இரண்டுக்கும் நடுவில், சுவருக்குச் சொந்தக்காரி என்ற ஒரே தகுதியில் தவமலர். தலைவியம்மா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார், ஒட்டிய வீட்டுக்காரர் சொல்வதைக் கடைசியாகக் கேட்போம், அதுதான் எங்களுக்கு முக்கியம் என்று. அந்த 'முக்கியம்' காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இன்னும் எழும்பவில்லை. இன்றைக்கு வெள்ளி, அவள் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் மீன் நாள், அவள் இல்லாமல் மீனை யார் பொரிக்கிறார்களோ, எண்ணெய் சூடாகுமுன்னமே போட்டுவிடுவார்கள், மாவெல்லாம் கழன்று போகும், பிள்ளைகள் தொடவும் மாட்டார்கள். அங்கே நின்று பொரித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு சுகம். மீன் யாரிடமும் கருத்துக் கேட்பதில்லை.

பவளக்கா எழுந்து பேசத் தொடங்கினார். பேச்சென்றால் பேச்சு, தெருவில் குப்பை வண்டி வராத நாளிலிருந்து கோயில் மகோற்சவம் வரை எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கிற ஆள், நல்ல பட்டுச்சேலைக்கு மேலே குளிர்கோட்டு, ஆங்கிலத்தில் ஒரு தடுமாற்றம் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள், நித்திரை கொள்ள வேண்டிய பிள்ளைகள், குடித்துவிட்டு வேலியோரம் நின்று ஒன்றுக்குப் போகிறவர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் உண்மைதான். தவமலரின் வேலியிலும் போயிருக்கிறார்கள். அதைப் போன மாதம் பவளக்கா வாசலில் வந்து கேட்டபோது இவள் சொல்லியும் இருக்கிறாள். அன்றைக்கு அவர் சும்மா வரவில்லை. கையில் சுடச்சுட உளுத்தம்மாப் பிட்டு, துணியால் மூடி. "இஞ்ச பார் பிள்ளை, நீதான் சுவரோட இருக்கிறாய், உன்ர சொல்லுத்தான் எடுபடும். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்." பிட்டின் ஆவி மூக்கில் ஏறியது. புருசன் கனகேந்திரன் செத்துப்போனபோது, முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி முடியும் வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல், நேரம் தவறாமல் சோறும் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிடு என்று கூடச் சொல்லாமல் பக்கத்தில் இருந்த மனுசி. தவமலர் சாப்பிடும் வரைக்கும் எழும்பமாட்டார். அந்தக் கையிலிருந்து பிட்டை வாங்கிக்கொண்டு எந்த வாயால் இல்லையென்பது. "ஓமக்கா" என்றாள். பவளக்கா அவளுடைய கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். பிட்டு நன்றாகத்தான் இருந்தது. தேங்காய்ப்பூ கொஞ்சம் கூட. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது, அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கேட்டிருப்பார்களோ. சுவர் ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டுமா விடும்.

பிறகு டெரன்ஸ் வந்தார். அதுவும் அந்தக் கிழமையே. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கால்மிதியில் இரண்டு சப்பாத்தையும் துடைத்துத் துடைத்து, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு. வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க முடியுமா. கொடுத்தாள். இஞ்சி போட்டதை அவர் மூக்கைச் சுளிக்காமல் குடித்தார். கடைக்கு ஆட்கள் குறைந்துவிட்டார்கள் மிஸஸ் கனகா, இளம் ஆட்கள் பாட்டுக் கேட்க வேறு ஊருக்குப் போகிறார்கள், வியாழக்கிழமை வினாடி வினாவை நிறுத்திவிட்டு அந்த நாளிலும் பாட்டு வைக்கப் போகிறேன், இல்லாவிட்டால் கடையைக் கைவிட வேண்டியதுதான், உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்று நீங்கள் சொன்னால் எனக்கு அதுவே போதும். அதுவே போதும், அதுவே போதும். எல்லாருக்கும் அவளிடமிருந்து கொஞ்சம்தான் வேண்டும், அது போதும். டெரன்ஸுக்கு எப்படி இல்லையென்பது. செத்த வீட்டுக்கு வந்த சனத்தின் கார்களுக்குத் தெருவில் இடமில்லாமல் முழித்தபோது, யாரும் கேட்காமலே தன் கடையின் பின்வளவைத் திறந்துவிட்ட மனுசன். அன்றைக்குப் பெரிய பந்தாட்டம் வேறு. டிவியின் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, வந்தவர்களிடம் பார்க்கிறதென்றால் வாயை மூடிக்கொண்டு பாருங்கள் என்றாராம். உள்ளூர் அணி கோல் போட்டபோது கடை நிறைய ஆட்கள் சத்தமில்லாமல் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்களாம். இதைக் கேட்ட அன்றைக்கு அவள் சிரித்தாள், கனகேந்திரன் போன பிறகு முதல் தடவையாக. அந்த மனுசன் அவளுடைய வீட்டுக் கதிரையில் இருந்து, அவளுடைய கோப்பையில் குடித்துக்கொண்டு கேட்கிறபோது, "நோ ப்ராப்ளம்" என்றுதான் வாயில் வந்தது. வந்த பிறகுதான் வியாழக்கிழமை என்ற சொல் காதில் விழுந்தது. அதற்குள் டெரன்ஸ் எழும்பி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, கோப்பையைக் கழுவ வேண்டுமா என்று கூடக் கேட்டுவிட்டார்.

அவளுக்கு இது புதிதல்ல. முகத்தாட்சணை. ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டால் இல்லையென்ற சொல் நாக்கின் நுனியில் வழுக்கி ஓமாக வந்து விழும். வீடு வீடாக வக்கூம் கிளீனர் விற்க வந்த ஒருவனிடம் வாங்கி, அடுத்த மாதம் வந்த இன்னொருவனிடமும் வாங்கி, இரண்டும் மாடிப்படிக்குக் கீழே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. காலையில் தேவாரம் படித்துவிட்டு, பின்னேரம் வேதாகமம் சொல்ல வந்த இரண்டு பெண்களோடு உட்கார்ந்து நோவாவின் கப்பல் வரை போயிருக்கிறாள். கனகேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிப்பார். "இஞ்சேர் மலர், நல்ல காலம், உன்னைப் பொம்பிளை பார்க்க நான்தான் முதல் வந்தனான்." அந்த ஓமில் மட்டும் ஒரு பிழையும் வரவில்லை. ஒன்றிரண்டு வந்ததுதான், யாருக்கு வரவில்லை. குடிவெறியென்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனுசன், வாத்துக்கடைக்குள் ஒரு தரம் கால் வைக்காதவர். ஆனால் வியாழக்கிழமை எட்டு மணியென்றால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரக் கதிரையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பக்கம் வினாடி வினா. கேள்வி கேட்கிறவனின் ஒலிபெருக்கிக் குரல் செங்கல்லைத் துளைத்துக்கொண்டு வரும், இவர் இந்தப் பக்கம் பதில் சொல்வார். சொல்வார் என்றால் மெல்லவா. தபால் நிலையத்தில் வெளிநாட்டுத் தபால் பிரித்தே காலத்தைக் கழித்தவர், உலகத்தில் ஒரு தலைநகரம் தப்பாது. புர்கினா ஃபாசோவின் தலைநகரம் எது என்று ஒரு நாள் கேட்டுவிட்டான். இவர் வாயில் பிட்டோடு எழுந்து நின்று "வாகடூகு" என்று கத்திய கத்தில் பக்கத்திலிருந்த தண்ணிச் செம்பு சரிந்தது. பூமத்திய ரேகையை இரண்டு தரம் வெட்டுகிற ஆறு, கொங்கோ, கொங்கோ. பிறகு ஒரு கிழமை முழுக்க குளிக்கிறபோதும் வாகடூகு, சேட்டுக்குப் பொத்தான் பூட்டுகிறபோதும் வாகடூகு. பாட்டுக் கேள்வி வந்தால் மட்டும் முகம் விழுந்துவிடும். யார் பாடியது, எந்த வருடம், அவருக்கு ஒன்றும் தெரியாது. சமையலறை ரேடியோவில் நாள் முழுக்க அதைத்தான் கேட்கிறவள் தவமலர். இவர் திரும்பிப் பார்க்க, இவள் மெல்லச் சொல்ல, அவர் உடனே அதைத் தன் பதிலாகச் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு, கையைத் தொடையில் தட்டுவார்.

அதுதான் அவளுக்கு வேண்டியது. வேறொன்றுமில்லை. பவளக்காவுக்கு அமைதி வேண்டும், டெரன்ஸுக்கு ஒரு மணி வேண்டும், இவளுக்கு வியாழக்கிழமை எட்டு மணி வேண்டும். ஆனால் அதை எப்படி இந்த மூன்று பேருக்கு முன்னால் சொல்வது. ஐயா, அம்மா, என் புருசன் செத்துப்போய்விட்டார், பப்பில் கேட்கிற கேள்வியை நிறுத்தாதீர்கள் என்றா. விசரி, பைத்தியக்காரி என்று நினைக்கமாட்டார்களா. பவளக்கா என்ன நினைப்பார், தெருவே இரைச்சலுக்கு எதிராகக் கையெழுத்து வைத்திருக்க, இவளுக்கு இரைச்சல் வேணுமாம். அவர் போன பிறகும் வியாழக்கிழமை அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் போய் இருக்கிறாள். கதிரையில் அல்ல, பக்கத்தில். கேள்வி வரும். பதில் சொல்ல ஆளில்லை. பாட்டுக் கேள்விகளுக்குப் பதில் இவளுடைய நாக்கில் வந்து நிற்கும், சொல்லமாட்டாள், சொன்னால் யார் எடுத்துச் சத்தமாகச் சொல்வது. ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலம் வீட்டில் இன்னும் ஒருவர் இருப்பதாக இருக்கும். மற்ற ஆறு நாளும் இல்லை. அதையும் எடுத்துவிட்டால், நினைக்கவே நெஞ்சுக்குள் குளிர்ந்தது. குளிர்கோட்டை இழுத்து மூடினாள், மண்டபத்துச் சூடாக்கியோ பக்கத்தில் நின்று டிக் டிக் என்று காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பயமும் இருந்தது, அதை அவள் நேராகப் பார்ப்பதேயில்லை, பார்க்கப் போனால் திரும்பிவிடுவாள்: கேள்வி இந்தப் பக்கம் வருமென்றால், இந்தப் பக்கத்தது எதெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும். தாளித்தால் தும்முகிற சத்தம், அவரோடு பிடித்த சண்டைகள், காசுக்குச் சண்டை, அவருடைய அக்காவுக்காகச் சண்டை. தமிழ் விளங்காது, சரி. அழுகை விளங்குமே. அந்தியேட்டி முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுத அழுகை எந்தப் பாஷையிலும் விளங்கும். டெரன்ஸ் கேட்டிருப்பாரோ. கேட்டுவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தாரோ. பவளக்கா பேசி முடித்துவிட்டார். உட்காரும்போது அவள் முழங்காலைத் தட்டினார். "வடிவாச் சொல்லு பிள்ளை, பயப்பிடாத." இடது பக்கத்தில் டெரன்ஸ் தலையை ஆட்டினார். தலைவியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுடைய பெயரைத் தப்புத்தப்பாக, ஆனால் பாடுபட்டு, முழுவதுமாகச் சொன்னார்.

ஒலிவாங்கியின் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். அமத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது, தன் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது, பதறி இன்னொரு தரம் அமத்தினாள், அணைந்தது. திரும்ப அமத்தினாள். வலது பக்கம் பார்த்தால் சோறும் கறியும், இடது பக்கம் பார்த்தால் சத்தமில்லாத பந்தாட்டம். இரண்டு முகத்தையும் பார்க்கக் கூடாது என்று மேசையைப் பார்த்தாள். மேசையில் ஒரு முகமும் இல்லை. பழைய மரம், நடுவில் ஒரு கோப்பை வைத்த வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் இரண்டு பேருக்கும் பொய் சொல்லிவிட்டேன். இந்த அக்காவுக்குச் சத்தம் வேண்டாம் என்றேன், அந்த ஐயாவுக்குச் சத்தம் பரவாயில்லை என்றேன். வெள்ளியும் சனியும் எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, நான் பன்னிரண்டு வரைக்கும் முழித்துத்தான் இருப்பேன். அதற்குமேல் வேண்டாம், வேலியில் ஒன்றுக்குப் போகவும் வேண்டாம். வியாழக்கிழமை மட்டும் எனக்கு வினாடி வினா வேண்டும்." மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைவியம்மா, ஏன் என்று ஒரு சொல் கேட்டார். ஏன். இதற்குத்தான் இத்தனை நாள் பயந்தது. "என் கணவர் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பதில் சொல்வார்" என்றாள். "அவர் இப்போது இல்லை. கேள்வியாவது இருக்கட்டும்." விளக்கை அணைக்க மறந்துபோனாள். மண்டபத்தில் அவளுடைய மூச்சுத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பவளக்கா சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார், கோபத்திலா வேறெதிலா என்று தெரியவில்லை. தலைவியம்மா டெரன்ஸைப் பார்த்து, நீங்கள் இதற்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்றார். டெரன்ஸ் எழுந்தார், உட்கார்ந்தார், திரும்பவும் எழுந்தார். முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"அது அவர்தானா" என்றார் தவமலரைப் பார்த்து. "மன்னிக்க வேண்டும், குழுத் தலைவர் அவர்களே, இதைச் சொல்லத்தான் வேண்டும். என் கடையில் சுவரோரமாக ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசைக்காரர்கள் வருடக்கணக்காக வினாடி வினாவில் தோற்றதே கிடையாது. மற்றவர்கள் எல்லாம் அந்த மேசைக்காகச் சண்டை பிடிப்பார்கள். சுவருக்குள்ளிருந்து பதில் வரும். ஆர்ஜன்டினாவா, நைஜரா, எது கேட்டாலும் வரும். ஆள் யாரென்று கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது, அவரை நாங்கள் வாகடூகு என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் உயர்த்துவார்கள்." அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "போன வருடம் பதில் நின்றுவிட்டது. ஏனென்று எனக்கு ஒரு ஊகம் இருந்தது, ஆனால் யாருக்கும் சொல்லவில்லை. கொஞ்சக் காலம் தோற்றுத் தோற்றுப் பார்த்துவிட்டு அந்த மேசைக்காரர்கள் வராமல் விட்டார்கள். பிறகு மற்றவர்களும். அதனால்தான் அந்த நாளைப் பாட்டுக்குக் கொடுக்க நினைத்தேன்."

தவமலர் கேட்டுக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நாளும் அவருடைய குரலை ஞாபகம் வைத்திருக்கிற ஆள் உலகத்தில் தான் ஒருத்திதான், தான் மறந்தால் போச்சு என்று அதைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு கடை நிறைய ஆட்கள். தண்ணியடிக்காத மனுசனுக்கு வியாழக்கிழமை தோறும் கிளாஸ் உயர்த்தியிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் ஒரு கிழமைக்குக் கோபித்துக்கொண்டு, அடுத்த கிழமை இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பார். "வேறு எதுவும் கேட்டதா" என்று அவளே கேட்டாள். டெரன்ஸ் அவளை நேராகப் பார்த்து, "இல்லை மிஸஸ் கனகா, பதில் மட்டும்தான்" என்றார். அது பொய்யாக இருக்கலாம். டெரன்ஸுக்கும் கொஞ்சம் முகத்தாட்சணை இருக்கும் போல. அந்தப் பொய்க்காக அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது.

"எல்லாம் தெரிந்த மனுசன்" என்று டெரன்ஸ் தலைவியம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆறுகள், தலைநகரங்கள், பாட்டுக்கள் கூட. அந்தக் காலத்துப் பாட்டிலிருந்து நேற்று வந்த பாட்டு வரைக்கும்."

"பாட்டுக்கள் நான் சொன்னது" என்றாள் தவமலர்.

ஒலிவாங்கி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. அவளுக்கே தன் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது. தலைவியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வினாடி வினாவில் வெளியார் உதவி செய்வது இந்தக் குழுவின் அதிகாரத்துக்குள் வராது என்று குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று பேரும் உள்ளறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். வெள்ளியும் சனியும் பன்னிரண்டு மணிவரை, பாட்டு அதற்கு அரை மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும், வேலிப்பக்கம் ஆள் போட்டுக் காவல் வைக்க வேண்டும். வியாழக்கிழமை இருந்தபடியே. டெரன்ஸ் வியாழக்கிழமைக் கோரிக்கையைத் தானாகவே விலக்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். பவளக்கா பாதி வென்ற முகத்தோடு எழுந்து படியிறங்கினார். கீழே வந்ததும் நின்றார். "எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்தானே பிள்ளை. நானென்ன உன்னைக் கடிச்சா திண்டிருப்பன்."

"சொல்லத் தெரியேல்லை அக்கா."

"ம்." கொஞ்ச நேரம் காரின் சாவியைப் பையில் தேடினார். "அது சரி, உந்த வாகடூகு எங்க கிடக்கு?"

"ஆபிரிக்காவில அக்கா."

"அவருக்கு ஆர் உதெல்லாம் படிப்பிச்சது" என்றார் பவளக்கா, திரும்பவும் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வா, வீட்ட வந்து சாப்பிட்டுட்டுப் போ. மரக்கறிதான்." தவமலர் ஓமென்றாள். இது பசியில் வந்த ஓம், அதில் ஒரு பிழையும் இல்லை. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்கே தெரியவந்தது. கார்க் கதவைத் திறக்கும்போது டெரன்ஸ் வேகமாக நடந்து வந்தார். தொப்பி இப்போது தலையில் இருந்தது.

"வருகிற வியாழக்கிழமை அந்தச் சுவரோர மேசையை உங்களுக்கென்று வைக்கிறேன், மிஸஸ் கனகா" என்றார். "ஆரஞ்சுச் சாறு குடிக்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம். இஞ்சி கூடப் போட்டுத் தருவேன். நீங்கள் வந்தால் எல்லாருக்கும் சந்தோசமாக இருக்கும். வருவீர்கள்தானே?"

நல்ல முகம். கெஞ்சுகிற முகம். அவளுடைய நாக்கு பழக்க தோசத்தில் ஓமுக்குத் தயாரானது. அதற்கு முன்னால் கதிரை கண்ணுக்கு வந்தது, பக்கத்தில் அல்ல, கதிரையே. தட்டு, செம்பு, சுவர்.

"இல்லை" என்றாள் தவமலர், டெரன்ஸின் முகத்தை நேராகப் பார்த்து. "நான் இந்தப் பக்கம் இருந்தே சொல்கிறேன். நீங்கள் பாட்டுக் கேள்விகளைக் கொஞ்சம் கூட்டுங்கள்."